நவச்சார நெடி: ஆலய நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

யாங்கோன் மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழர் ஆலயங்களைப் பரிபாலித்து வரும் அறங்காவலர்களுக்கும், திருவிழா நாட்களில் இரவு பகல் பாராது உழைக்கும் இளைஞர் குழுவினருக்கும் தின்கன்ஜூன்வாசி ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

சென்ற திருவிழாவின் மூன்றாம் நாள், அன்னதானப் பந்தி முடிந்து கைகழுவப் போன நான், பந்தலுக்குப் பின்புறத்தில் தட்டி மறைப்பிட்டு ஆண்களுக்கென்று அமைத்திருந்த சிறுநீர்க் கழிப்பிடத்தின் பக்கமாகத் தவறிச் சென்றுவிட்டேன். மூன்று நாட்களாக ஆயிரக்கணக்கானோர் வந்து போன இடத்தில் மூக்கையும் கண்ணையும் ஒருங்கே தாக்கும் காரநெடி எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த நெடி பட்ட மாத்திரத்தில் எனக்கு அருவருப்பு உண்டாகாமல், சின்னஞ்சிறு பிராயத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த ஈயம் பூசுகிறவருடைய ஞாபகம் உண்டாயிற்று என்று சொன்னால் நீங்கள் நகைக்கக்கூடும். துருத்தியை ஊதிப் பித்தளைத் தவலையை நன்றாகக் காயவைத்து, பஞ்சுச் சுருணையில் நவச்சாரத்தைத் தொட்டு உள்ளே ஒரு சுழற்றுச் சுழற்றுவார். குபுகுபுவென்று வெண்புகை கிளம்பும். தவலை வெள்ளிபோல் ஆகிவிடும். அந்தப் புகையில் இருந்ததும், தட்டி மறைப்புக்குள் இருந்ததும் ஒரே வஸ்துதான். அதன் பெயர் அமோனியா.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சீவா என்றொரு சோலை இருக்கிறது (நம்முடைய சிவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). அங்கே அமோன் என்னும் தெய்வத்துக்கு ஓர் ஆலயம் இருந்தது. அந்தத் தெய்வத்தின் பெயராலேயே மேல்நாட்டார் நவச்சாரத்தை அமோன் உப்பு என்றார்கள். அதிலிருந்து பிறந்ததே அமோனியா என்ற சொல். ஆக, ஒரு கோயிலின் பெயரைத் தாங்கிய பொருள், நம்முடைய கோயில்களின் கொல்லைப்புறத்தில் ஆண்டுதோறும் சாக்கடையில் கலந்து போய்க்கொண்டிருக்கிறது. இதைத் தடுத்துப் பயன்படுத்திக்கொள்ள வழியுண்டா என்பதே இம்மடலின் விஷயம். தெய்வ சன்னிதானத்தைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் சிறுநீரைப் பற்றி எழுதுகிறானே என்று முகம் சுளிக்காமல், கோமியத்தைப் பஞ்சகவ்வியத்தில் சேர்த்துக் கைகூப்பி வாங்குகிற நாம் இதையும் சற்றுப் பொறுமையாகக் கேட்கலாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உழவர்கள் தழைச்சத்து என்று சொல்லும் நைட்ரஜன் இல்லாமல் நெல்லும் விளையாது, வாழையும் குலை தள்ளாது. ஐராவதிக் கரைக் கழனிகளுக்கு அந்தச் சத்து யூரியா மூட்டையாக வருகிறது. அதிற் பெரும்பங்கு பிறநாடுகளிலிருந்து இறக்குமதியாவது. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் உர விலை ஏறியபோது நம் விவசாயிகள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அந்த மூட்டைக்குள் இருக்கும் தழைச்சத்து எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 1909-ல் பிரிட்ஸ் ஹேபர் என்ற ரசாயன சாஸ்திரி செய்து காட்டி, கார்ல் பாஷ் என்பவர் 1913-ல் ஓப்பாவில் ஆலையாக எழுப்பிய முறைப்படி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெரும் அழுத்தத்திலும் நானூறு ஐந்நூறு டிகிரி வெப்பத்திலும் ஹைட்ரஜனோடு வலுக்கட்டாயமாகக் கூட்டி வைத்ததால் வந்தது. உலகம் செலவிடும் எரிசக்தி முழுவதிலும் நூற்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இந்த ஒரு காரியத்துக்கே போகிறது என்பார்கள். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சத்து, நெல்லாகி, சோறாகி, நம் உடலில் தங்கியது போக மிச்சம் மறுநாளே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. மாமிச போஜனம் மிகுந்த மேல்நாட்டார் ஒருவர் நாளொன்றுக்குப் பத்துப் பதினோரு கிராம் வெளியேற்றுகிறார்; சோற்றையே நம்பியிருக்கும் நமக்கு ஏழு கிராம் என்று வைத்துக்கொண்டாலும், 2014-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் தின்கன்ஜூன் நகரியம் ஒன்றிலிருந்து மட்டும் நாள்தோறும் ஐம்பது கிலோ யூரியா மூட்டை அறுபதுக்குக் குறையாத தழைச்சத்து தரையில் ஊற்றப்படுகிறது என்று கணக்கு வருகிறது.

ஊற்றிய பிறகு அது எங்கே போகிறது? இதற்கு விடை சொல்ல ரங்கூனின் பழங்கதை ஒன்றைத் தொடவேண்டும். 1880-களின் இறுதியில் வெள்ளைக்கார நகராட்சியார், வேல்ஸ் நாட்டு எஞ்சினீயர் ஐஸக் ஷோன் கண்டுபிடித்த ஏற்பாட்டை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். நகரின் மத்தியில் ஓர் இயந்திரசாலையில் காற்றை அழுத்தி, குழாய் வழியே தெருத்தெருவாக அனுப்புவார்கள். நிலத்தடியில் அங்கங்கே இரும்புக் கலங்கள் இருக்கும். கழிவு வந்து கலம் நிரம்பியதும் காற்று பாய்ந்து அதை அடுத்த குழாய்க்குத் தள்ளிவிடும். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்ற மாளிகைக்கே இந்த ஏற்பாட்டைத்தான் செய்தார்களென்றால், அக்காலத்தில் ரங்கூனின் அந்தஸ்து எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். சமதரையான ஊரில் கழிவை ஓட வைப்பதற்கு அதைவிடச் சாமர்த்தியமான உபாயம் அன்று இல்லை. ஆனால் அத்தனை சாமர்த்தியமும் கழிவை ஆற்றங்கரை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு முடிந்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் விழுந்து, 2005-ல்தான் பொத்தட்டாங் பகுதியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அது தாங்கக்கூடியது நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நகரின் ஜனத்தொகையோ ஐம்பது லட்சத்துக்கு மேல்.

அந்தக் குழாய் போகாத தெருக்களில் கூடையும் வாளியும் சுமந்தவர்கள் யார் என்பதை நாம் பேசுவதில்லை. இந்தியாவின் கீழைக்கரையிலிருந்து கப்பலேறி வந்த ஏழைத் தொழிலாளிகள் அவர்கள். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசிய பிறகு அவர்கள் உயிருக்கு அஞ்சி மலைவழியே நடக்கத் தொடங்கியபோதுதான், அவர்கள் இல்லாமல் இந்த நகரம் ஒரு வாரங்கூடச் சுவாசிக்க முடியாது என்பது துரைமார்களுக்குப் பிரத்தியட்சமாயிற்று. செட்டியார் கடைகளின் சரித்திரத்தை மொகல் தெருவில் தேடித் தேடி எழுதுகிற நாம், இவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதில்லை. இது என் மனத்தாங்கல். மடலின் விஷயத்துக்கு நேர் சம்பந்தமில்லாததானாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தின்கன்ஜூனுக்கு ஷோன் துரையின் குழாயும் கிடையாது, பொத்தட்டாங் நிலையமும் கிடையாது. வீட்டுக்கு வீடு மலக்குழி; கொஞ்சம் வசதியிருந்தால் செப்டிக் டாங்கி. வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரை அடித்து ஊற்றும் மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியை நிரப்ப, குழி நீர் தெருவோரக் கால்வாயில் வழிய, கால்வாய் ஙாமோயெய் ஓடையில் விழ, ஓடை பசுண்டாங் கழியாகி யாங்கோன் ஆற்றில் கலக்கிறது. அறுபது மூட்டை போகும் வழி இதுதான். வழியில் பாசியை வளர்த்து, தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்டச் செய்வதும் அதே சத்துதான். பெரும் பணம் செலவிட்டுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் தேசங்களிலும் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் விசித்திரமாயிருக்கிறது: மின்சாரத்தால் காற்றை ஊதி ஊதி அமோனியாவை நைட்ரேட்டாக்கி, பிறகு வேறு நுண்ணுயிர்களைக் கொண்டு அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். ஹேபர் காற்றிலிருந்து பிடித்ததைக் காற்றுக்கே திருப்பி அனுப்ப இன்னொரு செலவு! கூலி கொடுத்துக் கிணற்றிலிருந்து இறைத்த நீரை, மறுபடியும் கூலி கொடுத்துக் கிணற்றிலேயே கொட்டுகிற குடித்தனத்தை நம் தெருவில் கண்டால் என்ன சொல்வோம்?

இந்த இடத்தில்தான் சில பத்தாண்டுகளாக விஞ்ஞானிகள் ஆராய்ந்து வரும் ஒரு சாதனம் வருகிறது. ஒரு பெட்டியை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே ஒரு சவ்வு. இருபுறமும் கரியாலான தகடு ஒவ்வொன்று. இரண்டு தகடுகளையும் வெளியே ஒரு கம்பி இணைக்கிறது. ஒரு புறத்து அறையில் காற்றுப் புகாமல் பழைய சிறுநீரை நிரப்புகிறார்கள். அங்கே தகட்டின்மேல் சிலவகை நுண்ணுயிர்கள் வழவழவென்று படர்ந்து, சிறுநீரிலுள்ள கரிமப் பொருள்களை உண்டு வாழ்கின்றன. நாமும் உண்கிறோம், உண்ட உணவிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்களை, மூச்சில் இழுத்த பிராணவாயுவிடம் ஒப்படைத்து ஜீவிக்கிறோம். பிராணவாயு இல்லாத சேற்றிலும் சகதியிலும் வாழப் பழகிய இந்த நுண்ணுயிர்களோ, அவற்றைத் தாம் படர்ந்திருக்கும் கரித்தகட்டிடமே ஒப்படைத்துவிடுகின்றன. தகட்டிலிருந்து கம்பி வழியாக அவை மறுபுறம் ஓடுகின்றன, ஓடுவதுதான் மின்சாரம்.

எலெக்ட்ரான் ஒன்று கம்பி வழியே போனால், பேரேட்டில் வரவும் செலவும் நேராவதுபோல, நேர்மின்னேற்றமுடைய அயனி ஒன்றும் சவ்வைத் தாண்டி அதே பக்கம் போயாக வேண்டும். பழைய சிறுநீரில் அத்தகைய அயனிகளில் மிகுந்திருப்பது அமோனியம். ஆகவே அது சவ்வைக் கடந்து மறுபுறத்து அறையில் போய்ச் சேருகிறது. அங்கே காற்றிலுள்ள பிராணவாயு எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும்போது நீர் காரத்தன்மை அடைகிறது. காரம் ஓர் அளவைத் தாண்டியதும், அதாவது பி.ஹெச். கணக்கில் ஒன்பதேகாலுக்கு மேல் ஏறியதும், அமோனியம் பெரும்பாலும் வாயுவாக மாறிவிடுகிறது. மெல்லக் காற்றை ஊதி அந்த வாயுவை வெளியேற்றிக் கந்தக அமிலத்தில் செலுத்தினால் அமோனியம் சல்பேட் கிடைக்கும்; உரக்கடையில் நாம் வாங்கும் அதே உப்பு. தான் இறைக்கும் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்கிறது என்று கமலை மாட்டுக்குத் தெரியாது. நுண்ணுயிர்களும் அப்படியே தங்கள் பசிக்கு உண்டு, அதன் பலனாக நமக்கு உரத்தை இறைத்துத் தருகின்றன.

யீஸ்டும் பாக்டீரியாவும் மின்சாரம் உண்டாக்கும் என்பதை இங்கிலாந்தில் பாட்டர் என்ற தாவர சாஸ்திரப் பேராசிரியர் 1911-லேயே காட்டினார். பிறகு நெடுங்காலம் அது ஒரு வேடிக்கையாகவே கிடந்தது. 1987-ல் அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து இரும்பையே மூச்சுக்கு ஆதாரமாக்கிக்கொள்ளும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்த பிறகு ஆராய்ச்சி சூடு பிடித்தது. 2012-ல் நெதர்லாந்தின் லேயுவார்டன் நகரில், நீர்த் தொழில்நுட்பத்துக்கென்றே இயங்கும் வெட்சஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், இம்முறையில் மனிதச் சிறுநீரிலிருந்து தழைச்சத்தையும் எடுத்து, செலவுக்கு மேல் சிறிது சக்தியையும் மிச்சம் காட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது, ஒரு சதுர மீட்டர் சவ்வுக்கு அரை ஆம்பியர் ஓட்டத்தில், நாளொன்றுக்கு 3.29 கிராம் நைட்ரஜன்.

இந்த எண்ணை இளைஞர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். எலெக்ட்ரான் ஒன்றுக்கு அமோனியம் ஒன்று என்று குறைவின்றி நடந்தால், அரை ஆம்பியர் ஒரு நாள் முழுவதும் ஓடிக் கடத்தக்கூடியது ஆறேகால் கிராம். கிடைத்ததோ அதிற் பாதியளவு. சோடியமும் பொட்டாசியமும் அதே சவ்வு வழியே முண்டியடித்துக்கொண்டு போவதால் மீதிப் பங்கு அவற்றுக்குப் போய்விடுகிறது. ஆளுக்கு ஏழு கிராம் என்ற நம் கணக்குப்படி ஒருவருக்கு இரண்டு சதுர மீட்டருக்கு மேல், அதாவது இருவர் படுக்கும் பாய் ஒன்றின் பரப்புக்குச் சவ்வு வேண்டும். தின்கன்ஜூன் முழுவதற்கும் விரித்தால் நூறு ஏக்கருக்கு மேல் போய்விடும். வெளியிலிருந்து சிறு மின்னழுத்தம் கொடுத்து உந்தினால் ஓட்டத்தைப் பன்மடங்காக்கி, உரத்தோடு ஹைட்ரஜனையும் பெறலாம் என்று பின்னால் காட்டியிருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆனால் நாளில் பாதி நேரம் மின்சாரமே இல்லாத ஊரில் அதைப் பற்றி அதிகம் பேசுவது அழகல்ல. சவ்வு விலை அதிகம். நாளடைவில் அதில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளவும் செய்யும். எனவே, நாளைக்கே இந்த இயந்திரத்தை வாங்கிவிடலாம் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிறகு ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். இந்தச் சாதனம் எந்த உருவில் வந்தாலும், எத்தனை மலிவாக வந்தாலும், அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: சிறுநீர் மற்றக் கழிவோடும் தண்ணீரோடும் கலக்காமல் தனியே வரவேண்டும். வீட்டுக் கழிவுநீரில் சிறுநீரின் அளவு நூற்றில் ஒரு பங்கு. ஆனால் கழிவுநீரிலுள்ள தழைச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு அந்த ஒன்றில் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது பங்குத் தண்ணீரில் கரைத்துவிட்ட பிறகு தேடுவது, குளத்தில் போட்ட உப்பைத் தேடுவதற்கு ஒப்பாகும். பிரித்து வைக்கும் வேலையை எந்த நுண்ணுயிரும் செய்யாது. தச்சர் ஒருவரும், நிர்வாகக் குழு ஒன்றும், கொஞ்சம் வெட்கத்தை விட்டுவிடுதலும் போதும்.

இது நம்மவர் செய்யாத காரியமுமன்று. உங்களிற் பலருடைய பாட்டனார் புறப்பட்டு வந்த திருச்சிராப்பள்ளிச் சீமையில், காவிரிக் கரையிலுள்ள முசிறியில், ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தார் சாலியர் தெருவில் பொதுக் கழிப்பறை ஒன்று அமைத்தார்கள். மலமும் சிறுநீரும் தனித்தனியே விழுமாறு கட்டியது. மற்ற ஊர்களில் கழிப்பறைக்குப் போகக் காசு கொடுக்க வேண்டும். அங்கேயோ, 2008-ஆம் ஆண்டு வாக்கில், ஒவ்வொரு முறை வந்து போகிறவருக்கும் பத்துக் காசு வீதம் கணக்கு வைத்துக் கொடுத்தார்கள்! தனியே சேர்ந்த சிறுநீரைப் பயிருக்கு விட்டுச் சோதனையும் செய்தார்கள். அந்த நிறுவனத்தின் மராச்சி சுப்புராமன் அவர்களுக்கு 2021-ல் பாரத அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. பத்துக் காசு பெரிய தொகையல்ல. ஆனால் கழித்துவிட்டு வந்தவன் கையில் காசை வைத்தபோது, அவன் கொடுத்தது ஒரு பண்டம் என்று அவனுக்கே சொன்னதாயிற்று. எந்த உபந்நியாசமும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிராது.

மேல்நாட்டுத் திருவிழா ஒன்றையும் குறிப்பிடுகிறேன். இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்ற இடத்தில் நடக்கும் சங்கீத விழாவுக்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுவார்கள். 2015-ல் அங்கே பிரிஸ்டல் நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சிறுநீர்க் கழிப்பிடம் அமைத்து, வந்து போனவர்களின் சிறுநீரை நுண்ணுயிர்க் கலங்களில் செலுத்தி, அந்தக் கழிப்பிடத்து விளக்குகளையே எரித்துக் காட்டினார்கள். மின்வெட்டில் தவிக்கும் நமக்கு இது காதில் தேன்போல் விழும்; ஆயினும் மயங்கவேண்டாம். அது ஒரு கொட்டகைக்கு மங்கலான வெளிச்சம், அவ்வளவே. விளக்குக்குச் சூரியத் தகடு இருக்கிறது. தழைச்சத்தைச் சூரியத் தகடு தராது. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறொன்று: விலையுயர்ந்த சவ்வுக்குப் பதிலாகச் சுட்ட மண் குழாய்களை வைத்து அக்கலங்களைச் செய்யலாம் என்பது. தழைச்சத்தைப் பிரிக்கும் வேலையில் மண் நல்ல சவ்வுக்கு ஈடாகாது. பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்குத் தாராளமாகப் போதும். ஆற்றுக்கு அப்பால் ட்வாண்டேயில் குயவர்கள் இருக்கிறார்கள். அடுப்பங்கரையில் கரி இருக்கிறது. பொடோமாக் சேற்றுக்கு நிகரான சேறு ஙாமோயெய் கரையில் வேண்டிய மட்டும் இருக்கிறது.

ஆகவே, அடுத்த திருவிழாவுக்கு என் விண்ணப்பம் மிகச் சிறியது. தட்டி மறைப்புக்குள் தண்ணீர் விட்டுக் கழுவாத வகையில் சாய்வான தகரத் தொட்டி ஒன்றும், அதிலிருந்து குழாய் வழியே நிரம்பும் மூடிய பீப்பாய்களும் வையுங்கள். நாளுக்கு ஐயாயிரம் பேர், ஆளுக்குக் கால் லிட்டர் என்றால், மூன்று நாளில் மூவாயிரத்து எழுநூற்றைம்பது லிட்டர், அதாவது இருநூறு லிட்டர்ப் பீப்பாய் பத்தொன்பது சேரும். வாயை இறுக மூடிவிட்டால் நெடி வெளியே வராது. நெடி போனால் உரம் போயிற்று என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஆறு மாதம் மூடி வைத்தால் நோய்க் கிருமிகள் ஒடுங்கிவிடும், பிறகு எந்தப் பயிருக்கும் விடலாம் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் 2006-ல் வகுத்த நெறி. தண்ணீரில் கலந்து நந்தவனத்து வாழைக்கும் அரளிக்கும் வேரோரம் ஊற்றி மண்ணால் மூடினால் போதும், இயந்திரமே வேண்டாம். இத்தனை பீப்பாயிலும் சேர்வது மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஏறத்தாழ ஒரு மூட்டை யூரியாவின் சத்து. ஒரு மூட்டைக்கா இந்தப் பாடு என்று பொருளாளர் கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். அவருக்கு என் பதில், கழிப்பிடத்து நெடியைப் பற்றிச் சென்ற ஆண்டு வந்த புகார்க் கடிதங்களை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும் என்பதே.

பீப்பாய்களில் ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு வரும் மாணவர்களில் விஞ்ஞானம் படிக்கும் நான்கைந்து பேர் சேர்ந்தால், ட்வாண்டே மண்கலமும் கரியும் கொண்டு ஒரு கலம் கட்டி, வோல்ட்மீட்டர் முள் அசைகிறதா என்று பார்க்கலாம். மண்கலத்தையும் வோல்ட்மீட்டரையும் நான் வாங்கித் தருகிறேன். சேறு எடுக்க ஓடையில் இறங்க மட்டும் வாலிபன் ஒருவன் வேண்டும்; என் முழங்கால் இப்போது ஒத்துழைப்பதில்லை. மழை பிடிப்பதற்கு முன் ஆள் அனுப்பினால் நலம். பிடித்துவிட்டால் அந்தக் கரையில் நிற்க இடம் இராது.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
தின்கன்ஜூன்வாசி